தடுக்க வேண்டியது எந்தத் தாவலை?

நிரல் எழுதக் கற்பவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஓதப்படும் விதி: நிரலின் ஓட்டத்தை வேறொரு வரிக்குத் தாவச் செய்யும் கோட்டூ கட்டளை கூடவே கூடாது. காரணம் கேட்டால், கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா அன்றே நிராகரித்துவிட்டார் என்பார்கள்.

1968 மார்ச்சில் வெளியான அவருடைய கடிதத்தின், ‘கோட்டூ தீங்கானது’ என்று பொருள்படும் புகழ்பெற்ற தலைப்பு அவர் இட்டதல்ல. ஆசிரியர் பொறுப்பில் இருந்த நிக்லாஸ் விர்த் மாற்றியது. உள்ளே இருப்பது நுட்பமான வாதம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் இந்தக் கணம் எங்கே நிற்கிறது என்பதை எழுதிய வரிகளைக் கொண்டே சொல்ல முடிய வேண்டும். கட்டற்ற தாவல் அதைக் கெடுக்கிறது. முழுக்கச் சரி. இஃப்-எல்ஸ் கட்டமைப்பே இல்லாத அன்றைய ஃபோர்ட்ரானில் கிளை பிரிக்கவும் கோட்டூதான் வேண்டியிருந்தது. இன்றைய சி மொழியின் கோட்டூ ஒரு செயற்கூற்றைத் தாண்டி வெளியே போக முடியாது. கோ மொழியிலோ வெளியிலிருந்து ஒரு தொகுதிக்குள் குதிக்கவும் முடியாது. அன்றைய கட்டற்ற தாவலையும் இன்றைய கட்டுப்பட்ட தாவலையும் ஒரே தண்டனைக்கு உட்படுத்துவது நியாயமா?

கோட்டூ தேவையே இல்லை என 1966இல் போம், ஜாக்கோபினி என்ற ஆய்வாளர்கள் இருவரும் நிறுவிவிட்டார்களே என்பது அடுத்த வாதம். அவர்கள் காட்டியது, அதில்லாமலும் எழுத முடியும் என்பதை மட்டுமே. அப்படி இயந்திரத்தனமாக மாற்றினால் தெளிவு கூடிவிடாது என்று டைக்ஸ்ட்ராவே அதே கடிதத்தில் எச்சரித்திருக்கிறார். தடைக்கு வாதாடுபவர்கள் இந்த வரியை மேற்கோள் காட்டி நான் பார்த்ததில்லை.

லினக்ஸ் கருநிரலைப் பாருங்கள். ஒரு செயற்கூறு நினைவகம் பெறுகிறது, பூட்டு எடுக்கிறது, பிறகு சாதனத்தைப் பதிவு செய்கிறது. மூன்றாவது படி தோற்றால் முன்னிரண்டையும் தலைகீழ் வரிசையில் விடுவித்தாக வேண்டும். கோட்டூ இல்லையென்றால் இஃப்புக்குள் இஃப் என்று வரிகள் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். அல்லது விடுவிக்கும் வரிகளை ஒவ்வொரு தோல்வியிலும் திரும்ப எழுத வேண்டும். நாளை நான்காவது படி சேரும்போது ஏதோ ஓரிடம் விடுபடும், நினைவகம் கசியும். முன்னோக்கித் தாவி, செயற்கூற்றின் கடைசியில் விடுவிப்பைக் குவிப்பதை லினக்ஸின் நடைக் கையேடே பரிந்துரைக்கிறது. செயற்கூறு முடியும்போது விடுவிப்பைத் தானே நடத்தும் டிஃபர் போன்ற வசதி உள்ள மொழியில் இதற்குக் கோட்டூ வேண்டாம். ஆனால் மாற்றைத் தராத மொழியில் தடை மட்டும் விதிப்பது அநியாயம்.

கடைசியாக, 2014இல் ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் இருமுறை எழுதப்பட்ட ‘கோட்டூ ஃபெயில்’ வரியைக் காட்டுவார்கள். அங்கே இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் ஓடி, கையொப்பச் சரிபார்ப்பைத் தாண்டிச் சென்றது. கோட்டூவுக்குப் பதில் ரிட்டர்ன் இருமுறை விழுந்திருந்தாலும் ‘பிழை இல்லை’ என்ற அதே விடைதான் திரும்பியிருக்கும். அதைப் பிடித்திருக்கக்கூடியது, எட்டவே முடியாத வரிகளைச் சுட்டும் கம்பைலர் எச்சரிக்கை.