பெங்களூரு போகும் வேகமும் பூந்தமல்லி தாண்டும் நேரமும்

மாண்புமிகு ரயில்வே அமைச்சர் அவர்களுக்கு,

சென்னை–பெங்களூரு–மைசூரு அதிவேக ரயில் வேண்டுமா வேண்டாமா என்று வாதாட நான் வரவில்லை. நிலையங்களை எங்கே கட்டப்போகிறீர்கள்? கேட்க வந்தது அதைத்தான்.

தூரம் தோதானதே. டோக்கியோ–ஒசாகா 515 கிலோமீட்டர், மாட்ரிட்–பார்சிலோனா 621; இரண்டிலும் விமானத்தை ரயில் ஓரங்கட்டிவிட்டது. ஆயிரத்தைத் தாண்டினால் நிலைமை வேறு. டோக்கியோவிலிருந்து ஃபுகுவோகாவுக்கு ஷின்கான்சென்னில் ஐந்து மணி நேரம் ஆகும். பெரும்பாலோர் விமானத்தில்தான் போகிறார்கள். சென்னையிலிருந்து டெல்லிக்குப் புல்லட் ரயில் கேட்பவர்களை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம்.

சென்னை–பெங்களூரு சுமார் 360 கிலோமீட்டர். இங்கே ரயிலுக்குப் போட்டி விமானம் மட்டுமல்ல, காரும்தான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஹொஸ்கோட்டே வரை 262 கிலோமீட்டர் விரைவுச்சாலை போடுகிறார்கள். கார் வாசலில் ஏற்றி வாசலில் இறக்கிவிடும். ரயில் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரட்டும். தாம்பரத்துக்காரர் அதைப் பிடிக்கவே ஒன்றரை மணி நேரம் நெரிசலில் நிற்க வேண்டுமென்றால், எதற்கு இத்தனை வேகம்? நீண்ட பயணத்தில் பொறுத்துக்கொள்ளும் இந்த விரயத்தை இவ்வளவு குறுகிய தூரம் தாங்காது.

தைவானைப் பாருங்கள். 2007இல் திறந்த பாதை, ஏறக்குறைய நம் தூரம்தான். தைபே–காவ்சியுங் விமானங்கள் 2012இல் அடியோடு நின்றுபோயின. அவ்வளவு பெரிய வெற்றி! ஆனாலும் தைனான் போன்ற ஊர்களில் நிலையம் நகருக்கு வெளியே அமைந்தது. தொடக்க ஆண்டுகளில் கணித்த கூட்டம் வரவில்லை. கடன் சுமையும் சேர, 2015இல் அரசே கைகொடுக்க வேண்டியிருந்தது. ஸ்பெயினின் குவாதலஹாராவில் அதிவேக நிலையம் ஊரிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அந்த ஊர்க்காரர்கள் பழைய நிலையத்தில் புறநகர் ரயில் ஏறியே மாட்ரிட் போகிறார்கள்.

இன்னொன்று, நிறுத்தங்கள். ஒவ்வொரு எம்.பி.யும் தன் தொகுதியில் ரயில் நிற்க வேண்டும் என்பார். (கேட்காவிட்டால்தான் ஆச்சரியம்!) ஒரு முறை நின்று வேகம் எடுப்பதற்குள் ஐந்து நிமிடமாவது போய்விடும். எல்லா ரயிலும் எல்லா இடத்திலும் நிற்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

திட்ட அறிக்கையில் நிலையத்துக்கு நிலையம் ஆகும் நேரத்தோடு, அம்பத்தூர் வீட்டிலிருந்து ஒயிட்ஃபீல்டு அலுவலகம் வரை ஆகும் நேரத்தையும் வெளியிடுங்கள். நகருக்குள் நிலம் கிடைக்காது, சுரங்கத்துக்குச் செலவு எகிறும் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். மும்பையில் பாந்த்ரா–குர்லா வளாகத்தில் நிலத்தடி நிலையத்துக்கு அந்தச் செலவை ஏற்றுக்கொண்டீர்கள். அங்கிருந்து அகமதாபாத் போகும் அதிவேகப் பாதை 508 கிலோமீட்டர். அதைவிடக் குறுகிய எங்கள் பாதைக்கு நகர நடுவில் நிலையம் இன்னும் அவசியம்.

இப்படிக்கு,
சென்னைப் பயணி ஒருவன்