வைன்: பயனருக்கு உரிமை, அலுவலகங்களுக்குச் சாக்கு அல்ல

லினக்ஸ் கணினியில் வைன் மூலம் விண்டோஸ் மென்பொருளை ஓட்டலாமா என்று எங்கள் கட்டற்ற மென்பொருள் குழுவிடம் இரண்டு தரப்பினர் கேட்கிறார்கள். அது திருட்டு வேலை இல்லையா என்று ஒரு தரப்பு பயப்படுகிறது. லினக்ஸுக்கு வந்த பிறகும் விண்டோஸ் வாடை எதற்கு என்று இன்னொரு தரப்பு முகம் சுளிக்கிறது. இருவருடனும் நாங்கள் உடன்படவில்லை.

திருட்டு இல்லை. வைன் 1993இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் திட்டம், 1.0 பதிப்பு 2008இல்தான் வந்தது. கோப்பைத் திற, சாளரம் வரை என்று ஒரு மென்பொருள் விண்டோஸிடம் கேட்பதை எல்லாம் வைன் வாங்கி, லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்கிறது. விண்டோஸின் மூலநிரலைப் பார்த்தவர்கள் இதற்கு நிரல் எழுதக்கூடாது என்பது அத்திட்டத்தின் விதி. மென்பொருள்கள் ஒன்றோடொன்று இணங்கி இயங்கத் தேவையான தகவலை, அது வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, ஆராய்ந்தறிய இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் இடம் தருகிறது. ஆனால் ஓட்டும் மென்பொருளுக்கு உரிமம் வேண்டும். திருட்டுப் பிரதி வைனில் ஓடினாலும் திருட்டுப் பிரதிதான்.

முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை பழைய டிடிபி கடைக்குள் போய்ப் பார்க்கட்டும். ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் பல எழுத்துருக்கள் தமிழ் எழுத்துகளைத் தங்கள் இஷ்டத்துக்கு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்தன. உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஒரு நாவல் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல்; அதற்கு முந்தைய புத்தகக் கோப்புகள் பல இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் வடிவிலேயே கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுக்கப் பெரும்பாலும் பழைய மென்பொருளே தேவைப்படும். வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் மென்பொருளை இன்றைய 64-பிட் விண்டோஸே ஓட்டாது. வைன் பெரும்பாலும் ஓட்டிவிடும். பழையதை மீட்க வைனைப் பயன்படுத்துங்கள். மீட்டதை உடனே ஒருங்குறிக்கு மாற்றுங்கள். எங்கள் உறுப்பினர்களிடம் நாங்கள் சொல்வதும் இதுதான்.

ஓர் எச்சரிக்கை: வைன் பாதுகாப்புக் கூண்டு அல்ல. விண்டோஸ் வைரஸும் அதில் ஓடக்கூடும். உங்கள் கோப்புகள் அதன் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கின்றன.

எங்களுக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். சில அலுவலகங்களில், பொதுமக்கள் நிரப்ப வேண்டிய படிவத்தை விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளாகக் கொடுத்துவிட்டு, கேட்டால் ‘அதான் லினக்ஸ்ல வைன் இருக்கே’ என்கிறார்கள். இந்தப் பதிலை நாங்கள் ஏற்கமாட்டோம். மின் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கனுக்கு விண்டோஸ் டிரைவர் மட்டும் இருந்தால் வைனால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. அது பொதுவாக வன்பொருள் டிரைவர்களை ஓட்டுவதில்லை. நேற்றுவரை ஓடிய மென்பொருள் அடுத்த பதிப்பில் நின்றுபோனால், கடைசி நாளில் தவிப்பது குடிமக்கள். ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் நிரலை ஓர் அலுவலகம் தன் கடமைக்கு முட்டுக்கொடுக்கும் கம்பாக்கிக்கொள்ளக் கூடாது.

எனவே படிவங்கள் எந்த உலாவியிலும் திறக்க வேண்டும். கோப்பு வடிவங்களின் விவரம் வெளியிடப்பட வேண்டும். டோக்கன் வாங்கச் சொல்லும் அலுவலகம், லினக்ஸ் டிரைவர் உள்ள டோக்கனையே பரிந்துரைக்க வேண்டும். இவை நடக்கும்வரை, ‘வைனில் ஓடும்’ என்று ஒப்பந்தப்புள்ளியில் எழுதுவதை இயங்குதளச் சார்பின்மையாக நாங்கள் கணக்கில் எடுக்கமாட்டோம்.