மனவயது என்னும் மயக்கம்

முப்பது வயது நிரம்பிய ஒருவரைச் சுட்டி, "இவருக்கு ஏழு வயதுக் குழந்தையின் அறிவே உண்டு" என்று கூறும் வழக்கு இன்னும் மறையவில்லை. பெற்றோர் பேச்சில் மட்டுமன்றிச் சில அறிக்கைகளிலும் இது காணப்படுகிறது. பிரெஞ்சு உளவியலறிஞர் பினே, மருத்துவர் சிமோனுடன் இணைந்து, வினாக்களை வயதுவாரியாக அடுக்கி 1908-இல் வெளியிட்ட அளவுகோலே இவ்வழக்கின் தோற்றுவாய். அது சிறுவர்களுக்கென அமைக்கப்பட்டது. அறிவு என்றும் மாறாத ஓர் அளவு என்னும் கருத்தைப் பினேயே 1909-இல் மறுத்து, பயிற்சியால் அது மேம்படும் என எழுதினார். அளவுகோலைக் கைக்கொண்டோர் பலர் அம்மறுப்பைக் கைக்கொள்ளவில்லை.

ஏழு வயதுக் குழந்தையைத் தனியே சந்தைக்கு எவரும் அனுப்பார். ஆகவே அறிவுசார் குறைபாடுடைய முப்பது வயதினரும் அனுப்பப்படுவதில்லை. உடுக்க வேண்டிய சட்டையைத் தாய் எடுத்து வைக்கிறார். உண்ண வேண்டியதைத் தமையன் தீர்மானிக்கிறார். நாள் முழுவதும் ஒரு முடிவும் தாமாக எடுக்க வாய்ப்புப் பெறாதவரைப் பற்றி, "முடிவெடுக்கும் ஆற்றல் இல்லை" என்று பின்னர்க் குறிப்பெழுதப்படுகிறது!

சிந்தனைத்திறன் என்பது பாடப்புத்தகத்துள் அடங்கியதன்று. தேநீர் தயாரிப்பதை நோக்குக. எதை முதலிற் செய்வது, பால் பொங்குமுன் எப்போது அடுப்பைத் தணிப்பது, சர்க்கரை இல்லையெனில் என் செய்வது ஆகிய யாவும் அதில் அடங்கும். திட்டமிடல், நினைவில் நிறுத்தல், பொறுத்திருத்தல், பிழை கண்டு திருத்தல் ஆகிய நான்கும் அங்கே பயிலப்படுகின்றன. இதனைச் சிறு படிகளாகப் பிரித்து, முதலில் இறுதிப் படியை மட்டும் கற்போரிடம் விடுவது பயனுள்ள முறையாகும். கோப்பையில் ஊற்றுவது மட்டுமே முதல்வாரப் பாடம். வேலை முடிந்தது என்னும் நிறைவு முதல் நாளிலேயே கிட்டுகிறது. பின்னர் ஒவ்வொரு படியாக முன்னோக்கிச் சேர்க்கலாம். உதவியையும் அவ்வாறே படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். கேள்வி கேட்டபின் சற்றுக் காத்திருத்தலும் இம்முறையின் ஓர் அங்கமே. ஆசிரியர் பலருக்கு இதுவே கடினமாகிறது.

வகுப்பறையில் கற்றது கடைத்தெருவில் தானாக வந்துவிடும் என எண்ணுவது பிழை. ஓரிடத்தில் கற்றதை மற்றோரிடத்தில் பொருத்துவதே இவர்களுக்குப் பெரிதும் அரிது. நெகிழி நாணயங்களைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் எண்ணப் பயின்றவர் உண்மை நோட்டின் முன் திகைக்கக்கூடும். 2016 நவம்பருக்குப் பின் சில ஆண்டுகளில் ரூபாய் நோட்டுகளின் நிறமும் அளவும் மாறின. பழைய நிறத்தைக் கொண்டே நோட்டை அறிந்திருந்தவர் மீண்டும் கற்க வேண்டியதாயிற்று. இருபது ரூபாய் நோட்டு பசுமை கலந்த மஞ்சள். இருநூறு ரூபாய் நோட்டு பளிச்சிடும் மஞ்சள். இவ்விரண்டையும் பிரித்தறியும் பயிற்சி உண்மை நோட்டுகளோடு, உண்மைக் கடையில் நிகழ்தல் வேண்டும்.

பெற்றோரின் அச்சம் வெற்றச்சமன்று. பணத்தில் ஏமாற்றுவோர் உளர். பெண்களுக்கு நேரும் தீங்கு அதனினும் கொடிது. எனினும் எதையும் செய்யவிடாது காத்தல் பெற்றோர் உயிரோடுள்ள வரைதான் இயலும். "எங்களுக்குப் பின் யார்?" என்று வருந்துவோரே, பத்து ரூபாய் தொலைந்துபோகும் சிறு இடரையும் மகனுக்கு மறுக்கின்றனர். இன்று தொலையும் பத்து ரூபாய் மலிவான பாடமே எனலாம்.

சட்டமும் இத்திசையிலேயே சென்றுள்ளது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டுமே உரிய வரம்புடைய காப்பாளரைக் கருதுகிறது. அக்காப்பாளர் தாமே முடிவு செய்வதற்கு மாறாக, உரியவருடன் கலந்து, அவர் விருப்பத்துக்கு இசைய முடிவு செய்தல் வேண்டும். விருப்பம் தெரிவித்துப் பழகாதவரிடம் இவ்விதி எழுத்தளவில் நின்றுவிடும்.

பயிற்சி நிலையங்களின் முன்னேற்றப் பதிவேட்டில் "நன்கு ஒத்துழைக்கிறார்" என்னும் தொடர் அடிக்கடி காணப்படுகிறது. சொன்னபடி கேட்கிறார் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். இம்மாதம் அவர் தாமாகத் தேர்ந்தது யாது, வேண்டாமென மறுத்தது யாது என்னும் இரு பத்திகளை அப்பதிவேட்டில் சேர்க்கப் புதிய நிதியோ மேலிட ஆணையோ வேண்டுவதில்லை.