ஏரி சொன்ன பாடம் ஏன் நிற்பதில்லை?

பெரிய காஞ்சிபுரத்தில் தறி உள்ள வீட்டுப் பையன் கோர்வை போடக் கற்றுக்கொள்வதற்குப் புத்தகம் எதுவும் வேண்டியதில்லை. கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம், இரண்டையும் கோத்து நெய்ய மூன்று நாடா. பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளிக் கொடுத்தே பையன் தொழிலைப் பிடித்துக்கொள்கிறான். முந்தானைக்கு நிறம் மாற்றப் பெட்னி போடுவது இதைவிடச் சிரமமான வேலை. அதுவும் தாத்தா கையிலிருந்து அப்பா கைக்கும், அங்கிருந்து மகன் கைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அதே ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில், ஏரிக் கலங்கலில் பலகை எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்று கேட்டால் சரியாகச் சொல்லக்கூடியவர் அபூர்வமாகிவிட்டார். மண்ணும் ஒன்று, ஜனங்களும் ஒன்று. தறி நுட்பம் நிலைத்தது. ஏரி நுட்பம் போய்விட்டது. ஏன்?

ஜனங்களுக்குப் பொறுப்பில்லை, பேராசை பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது பாதி உண்மைதான். கோர்வை தினமும் கைக்கு வேண்டியது. தப்பினால் அன்றைக்கே சேலை கெட்டுப்போகும், கூலி குறையும். கலங்கல் பலகையோ ஐந்து வருஷத்துக்கு அல்லது பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் உயிர் காக்கும் விஷயமாகிறது. நடுவில் வருகிற நல்ல வருஷங்கள் தப்பான பாடத்தையே சொல்லிக் கொடுக்கின்றன. வரத்துக்காலைத் தூர் எடுக்காமல் விட்டும் நெல் விளைந்தது, கரையில் முள்செடி வளரவிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால், அடுத்த வருஷமும் அப்படியே விடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

காஞ்சிக்கு வறட்சியும் வெள்ளமும் புதியவை அல்ல. மணிமேகலை அமுதசுரபியோடு வந்து சோறிட்டது பஞ்சம் பிடித்த காஞ்சியில்தான் என்று அந்தக் காப்பியம் கூறுகிறது. ஏகாம்பரநாதர் கோயில் தலபுராணத்திலோ கம்பை ஆறு பெருக்கெடுத்து வர, அம்மன் மணல் லிங்கத்தைத் தழுவிக் காத்தாள் என்கிறார்கள். ஒரே ஊருக்குப் பஞ்சக் கதையும் இருக்கிறது, வெள்ளக் கதையும் இருக்கிறது. இந்தப் பகுதியில் மழை குறைவு என்று சொல்ல முடியாது. வருஷ மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது என்பதே தொல்லை. அதைப் பிடித்து வைக்கத்தான் பல்லவர் காலம் முதல் ஏரிக்கு மேல் ஏரியாக வெட்டினார்கள். மேல் ஏரியின் கலங்கல் நீர் கீழ் ஏரிக்கு வரத்து. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், மேலே உள்ள ஊர் மூழ்கும், கீழே உள்ள ஊர் காயும்.

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. குடவோலைத் தேர்தலுக்காக அவற்றை எல்லோரும் புகழ்கிறார்கள். விவசாயி கவனிக்க வேண்டியது வேறு. ஏரிக்கென்றே தனியாக ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. பதவி 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி நிற்க முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. பாடத்தை ஜனங்களின் ஞாபகத்தில் விட்டுவைக்காமல் பதவியிலும் கணக்கிலும் கட்டிப்போட்டார்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்ததால் வேலை பலருக்கும் தெரிந்தது. கணக்கு கேட்கப்பட்டதால் வேலை நடந்தது. ஏரிப்பட்டி என்று நிலம் விட்டு, அதன் வருமானத்தை ஏரிக்கே செலவிட்டார்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. அது பிராமணர் சபை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் அங்கே இடம். கூடையில் மண் சுமந்தவன் பெயர் குடத்தில் விழவில்லை. இன்றைக்கு ஏரிக்கென்று ஒரு குழு அமைக்கிறவர்கள் அந்தக் குறையையும் சேர்த்துப் பின்பற்ற வேண்டியதில்லை.

வெள்ளைக்காரர் வந்தபோது செங்கற்பட்டு ஜில்லா ஏரிகள் பல சிதைந்து கிடந்தன. 1794 முதல் 1798 வரை இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுது பார்க்க முயன்றார். அவரைப் பற்றி மதுராந்தகத்தில் வழங்கும் கதை பலருக்கும் தெரியும்: அடைமழை இரவில் ராம லட்சுமணர் வில்லோடு நின்று ஏரிக்கரையைக் காத்தார்கள், கோயிலுக்கும் ஏரி காத்த ராமர் என்று பெயர் வந்தது. நல்ல கதை. ஆனால் கரைக்கு மண் போட்டவன் கதையில் இல்லை. ராமர் காத்த கரையானாலும் வருஷா வருஷம் மண் போட்டாக வேண்டும்.

அப்புறம் வந்தது வரியைத் தனித்தனி ரயத்திடம் வாங்கும் முறை. ஊர்ப் பொது விளைச்சலிலிருந்து ஏரிக்கென்று எடுத்துவைத்த பங்கு நின்றது. குடிமராமத்து தளர்ந்தது. அதைத் தூக்கி நிறுத்த 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். தானாக நடந்த வேலையைத் தண்டனை காட்டி நடத்தப் பார்த்தால் நடக்குமா? நடக்கவில்லை. 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்து ராஜதானியில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அதற்குப் பின், 1880-களில், சர்க்கார் விழித்துக்கொண்டு ஏரிகளை அளந்து சீர்திருத்தும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு விவரக் குறிப்பு எழுதப்பட்டது: கரை நீளம், நிறைமட்டம், கலங்கல் அகலம், மதகு, ஆயக்கட்டு எல்லாம் அதில் அடக்கம். பாடம் காகிதத்தில் ஏறிற்று. காகிதம் ஆபீஸ் பீரோவில் ஏறிற்று. ஊரில் நீர்க்கட்டி மட்டும் மிஞ்சினார். அவருக்குத் தரவேண்டிய நெல்லும் நாளாவட்டத்தில் குறைந்துபோயிற்று.

மின்மோட்டார் வந்தபின் கதை வேகமாக ஓடியது. சொந்தக் கிணறு உள்ளவருக்கு ஏரி முறைத்தண்ணீர் தேவைப்படவில்லை. தேவைப்படாதவர் கரைக்கு வரவில்லை. ஊரில் வசதியுள்ளவர்கள் முதலில் விலகியதால் ஏரி சொல்லற்றவர்களின் சொத்தாயிற்று. கிணற்றுக்கு ஊற்றுக் கொடுப்பதும் அதே ஏரிதான் என்பது, கிணறு வற்றி ஆழ்துளை போட்டு, அதுவும் வற்றிய பிறகுதான் உறைத்தது. பாலாற்றில் மணலை அள்ள அள்ளப் படுகை இறங்கி, ஆற்றிலிருந்து வயலுக்கு வந்த ஊற்றுக்கால்களின் தலைப்பு அந்தரத்தில் நின்றது.

ஆக்கிரமிப்பு என்றால் மனைப்பிரிவு போடுகிற பெரிய புள்ளி என்று மட்டும் நினைப்பது வழக்கம். வறண்ட வருஷத்தில் ஏரிக்குள் உழுது கேழ்வரகு விதைத்தவர் யார்? சின்ன விவசாயிதான். பசிக்காகத்தான் விதைத்தார். அடுத்த வருஷம் வரப்பு போட்டார். அதற்கடுத்த வருஷம் பட்டா கேட்டார். நல்ல மழை வந்தபோது தன் பயிர் மூழ்காமல் இருக்க ராத்திரியில் மதகைத் திறந்துவிட்டார். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் பெரிய புள்ளி துணிந்து வருவது, ஊரே ஏரியைப் பங்கு போட்டுக்கொண்டது என்று தெரிந்த பிறகுதான்.

2015 டிசம்பரில் கிடைத்த அடி எல்லோருக்கும் தெரியும். காஞ்சிபுரம் ஜில்லாவில் பல ஏரிகள் உடைந்தன. செம்பரம்பாக்கத்திலிருந்து வந்த உபரி நீர் அடையாற்றங்கரையை மூழ்கடித்தது. அடையாற்றில் 1943, 1976, 1985, 2005 ஆகிய வருஷங்களிலும் வெள்ளம் வந்திருக்கிறது. நாலு வருஷம் கழித்து 2019 கோடையில் அதே சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2021 நவம்பரில் பாலாறு பெருகித் தரைப்பாலங்கள் மூழ்கின. ஒவ்வொன்றின் பின்னும் கூட்டம் நடக்கிறது, அறிக்கை வருகிறது. சட்டத்துக்கும் குறைவில்லை: 2000-ல் விவசாயிகளே பாசனத்தை நிர்வகிக்கச் சட்டம், 2007-ல் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டம், 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே புதுத் திட்டம். கெடுதலான திட்டங்கள் அல்ல. ஆனால் பணம் வந்தபோது வேலை நடந்தது, பணம் நின்றபோது வேலை நின்றது. ஊர் கையில் கணக்கு வரவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் நடப்பதைப் பாருங்கள். வரதராஜர் கோயில் குளத்துக்குள்ளிருந்து அத்தி வரதரை 40 வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எழுந்தருளச் செய்கிறார்கள். 1979-க்குப் பின் 2019 ஜூலை முதல் 48 நாள் தரிசனம். அத்தனை நீண்ட இடைவெளியை ஒரு சமூகம் தவறவிடவில்லை. நாள் குறித்திருக்கிறது, இன்னார் இன்ன வேலை செய்ய வேண்டும் என்ற முறை இருக்கிறது, 1979-ல் தோளில் உட்கார்ந்து பார்த்த குழந்தை 2019-ல் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறது. அப்படியானால் ஜனங்களுக்கு ஞாபகசக்தி குறைவு என்று சொல்ல முடியாது. நாளும் ஆளும் குறித்துவைத்த காரியம் நிற்கிறது. பொதுவாக விட்ட காரியம் நழுவுகிறது.

ஜப்பானில் அனேயோஷி என்ற மலையோரச் சிற்றூர் இருக்கிறது. 1933-ல் கடல் பொங்கி வந்து ஊரை அழித்த பிறகு, இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதே என்று ஒரு கல் நட்டார்கள். 2011-ல் கடல் மறுபடி பொங்கியது. அந்தக் கல்லுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. வீடுகள் தப்பின. ஆனால் அந்தக் கடற்கரையில் இப்படி எச்சரிக்கும் கற்கள் ஏராளம். பல ஊர்களில் கல்லுக்குக் கீழேயே வீடு கட்டி மூழ்கினார்கள். அனேயோஷியில் அந்தக் கல்லின் சொல்லை மீறாமல் கல்லுக்கு மேலேயே குடியிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

காஞ்சிபுரம் வட்டாரத்து ஆயக்கட்டுதாரர்கள் இதற்குச் சர்க்காருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாளை ஊரே குறித்துக்கொண்டு, தலைமதகிலிருந்து கடைமடை வரை கரையில் நடக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் கூட வரட்டும். எலி வளை, கரை சரிவு, மதகுக் கசிவு, வரத்துக்காலில் அடைப்பு ஆகியவற்றைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டைக் கிராமசபையில் படிக்க வேண்டும். 2015-ல் தண்ணீர் எட்டிய மட்டம் இன்னும் சிலருக்கு நினைவிருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே மதகுக் கல்லிலும் கோயில் சுவரிலும் வருஷத்தோடு ஒரு கோடு வெட்டிவிட வேண்டும். கலங்கல் பலகையை மழையின் பயம் தீர்ந்த பிறகு வைக்கிற பொறுப்பு யாருடையது என்பதை ஒவ்வொரு வருஷமும் பெயர் சொல்லி முடிவு செய்து, மறு வருஷம் ஆளை மாற்ற வேண்டும். பழைய ஏரி விவரக் குறிப்பின் நகலுக்கு நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்கலாம். சிறு ஏரியானால் ஊராட்சி ஒன்றியத்தில் விசாரிக்க வேண்டும். கலங்கலின் அகலத்தை அந்தக் குறிப்போடு ஒப்பிட்டு அளக்க ஒரு சங்கிலியும் இரண்டு ஆளும் போதும். ஆடியில் அளந்தால், அகலம் குறைந்திருப்பது தெரிந்தபின் ஐப்பசிக்குள் இடிக்க இரண்டு மாதம் கிடைக்கும்.