கோடையும் அருவியும்

கல்வியின் பயன் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஊர் கண்டும், ஆறு கண்டும், மலை கண்டும், ஆங்கு வாழும் மக்களோடு அளவளாவியும் பெறும் அறிவே நூலறிவுக்கு உயிரூட்டுவதாகும். ஆதலின், தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை அணுகுங்காலத்து நம் மாணவத் தோழர்கள் விடுதி முற்றத்தில் கூடியிருந்து, எம்மலைக்குச் செல்வது, எவ்வழியாகச் செல்வது, எத்தனை நாள் தங்குவது என ஆராய்வதை யாம் குறைகூற வந்தோமல்லேம். இவ்வாண்டு அவர்கள் விரும்பும் இடம் சங்கராபுரத்துக்கு மேற்கே நீல நிறமாய் நீண்டு கிடக்கும் கல்வராயன் மலை. சங்கராபுரத்தில் ஒன்றுகூடி, மோட்டார் சைக்கிள்களிலும் வாடகை வேனிலும் மலையேறி, மேகம், பெரியார் முதலிய அருவிகளையும் இயற்கைக் காட்சிகளையும் நிழற்படம் எடுத்து மீள்வது அவர்தம் திட்டம். நோக்கம் நன்று, ஆயின், குறித்த காலமும் கொண்ட முறையும் நன்றல்ல என்பதே எம் கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டு எடுத்துரைப்போம்.

முதற்கண் காலத்தைக் கருதுவோம். குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்பது தொல்காப்பியம் பயிலும் ஒவ்வொருவரும் நெட்டுருச் செய்யும் செய்தி. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. இதனை விடைத்தாளில் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெற்றவரே, சித்திரை வைகாசியில் அருவி காண மூட்டை கட்டுவாராயின், அவர் அந்நூற்பாவைப் படித்தும் படியாதவரே ஆவர். மலைக்கு மழைக்காலத்தையும் பனிக்காலத்தையும் முன்னோர் வகுத்தது வெறுங்கற்பனையன்று. கண்டறிந்த உண்மையை இலக்கணமாக்கினர். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுவதும் இதனையே வலியுறுத்தும்.

இவ்விலக்கணம் கல்வராயன் மலைக்கு எவ்வாறு பொருந்துகின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம். இது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சை மலை ஆகியன இதற்கு உறவினர். குற்றாலத்தில் ஆனி ஆடியில் சாரல் வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுவதால் ஆவது. இங்கோ, ஆடி ஆவணியில் இடியோடு கூடிய மழை சில பெய்யினும், மலையை நிறைக்கும் பெருமழை ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றே கொணர்வது. மேலும், ஒகேனக்கல்லில் வீழும் காவிரி குடகில் பிறந்து நெடுந்தூரத்து நீரைத் திரட்டி வருவது. கல்வராயன் அருவிகளோ தம் தலைமேற் பெய்த நீரையன்றி வேறு நீர் அறியாதவை. சிறிய ஓடையின் செல்வம் சில திங்களில் செலவாகிவிடும். ஆகவே வைகாசியில் அங்குச் செல்வோர் காண்பது பெரும்பாலும் உலர்ந்த பாறையும், அதன் அடியில் பாசி படிந்த சிறு குட்டையுமே. அருவியைக் குறை கூறிப் பயன் யாது? விருந்துக்கு அழைக்காத நாளில் சென்றுவிட்டு, இலை போடவில்லை என்று நொந்துகொள்வது தகுமோ?

‘எமக்கு விடுமுறை கோடையில்தானே கிடைக்கின்றது?’ என்று தோழர்கள் வினவுவர். வினா நேர்மையானதே. ஆயின், கிறிஸ்து பிறப்பு விடுமுறை நமக்கில்லையா? திருநாளை வீட்டாரோடு கொண்டாடிய பின்னர் எஞ்சும் நாள்கள் உளவே. பொங்கல் விடுமுறையும் உண்டு. இரண்டும் முன்பனிக் காலத்தில் அமைந்தவை. பெருமழை ஓய்ந்து, ஓடைகள் தெளிந்து, மலை பசுமை மாறாது நிற்கும் வேளை. படமெடுப்போர்க்கும் அதுவே நற்காலம். கோடை நண்பகலின் வெயில் வெண்பாறையில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். நீரின் வெண்மையும் பாறையின் வெண்மையும் படத்தில் வேறுபடா. மார்கழிக் காலையிலோ ஒளி மென்மையாகப் பரவும். முக்காலியில் கருவியை நிறுத்தி அரை நொடி திறந்து வைத்தாலும் படம் வெளிறிப் போவதில்லை. நீர் பட்டுப் போல் இறங்கும். ஐந்து நாள் கோடையில் அலைந்து பெறாத படத்தை இரண்டு நாளில் பெறலாம். செலவும் குறையும்.

இத்தனையும் கேட்டபின்னரும் கோடையிலேதான் செல்வோம் என்பார் செல்லட்டும். ஆயின் கோடையைக் கோடையாகவே படமெடுத்து வரட்டும். வறண்ட அருவி படத்துக்குத் தகாததன்று. நீர் மறைத்திருந்த பாறையின் வடிவும், காலங்காலமாக வீழ்ந்த நீர் குடைந்த குழிகளும் அப்பொழுதன்றோ வெளிப்படும்? பாலையைப் பாடிய தமிழ்ப் புலவர் குறிஞ்சியைப் பாடியோரினும் தாழ்ந்தவர் அல்லரே. மார்கழியில் பிறர் எடுத்த அருவிப் படத்தை வைகாசியில் தாம் கண்டதுபோல் கைப்பேசியில் பரப்புவது மட்டும் வேண்டா. அதனை நம்பிக் குழந்தை குட்டிகளோடு மலையேறி ஏமாறுவோர் பலர்.

இனி, செல்லும் முறையைப் பற்றிக் கூறுவோம். பயணத் திட்டம் வகுப்பது எங்ஙனம் என்பதைத் தமிழ் மாணவர் பிற நாட்டு வழிகாட்டி நூல்களில் தேட வேண்டுவதில்லை. பத்துப்பாட்டுள் 583 அடிகளால் அமைந்த மலைபடுகடாம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் வழிகாட்டியே அன்றோ? அதன் பாட்டுடைத் தலைவனாகிய நன்னனது செங்கம் கல்வராயன் மலைக்கு அணித்தே வடக்கில் உள்ளது என்பதும் நமக்கு இனிய செய்தி. பெருங்கௌசிகனார் மலையின் அழகை மட்டும் கூறி விடுத்தாரில்லை. எங்கே பாறை வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எவ்விடத்துக் கவண்கல் வந்து விழும் என்பனவற்றை முன்னரே கூறி எச்சரித்தார். வழியிலுள்ளோர் யாவர், அவர் எவ்வுணவு அளிப்பர் என்பதையும் விரித்துரைத்தார். அந்நூலின் பெயரே மலையில் எழும் பல்வகை ஓசையை நினைந்து இடப்பட்டது. நிழற்படத்துக்குச் செவியில்லை. ஆதலின் அருவிமுன் சென்றவுடன் கருவியை எடுக்காது, கால் நாழிகையேனும் வாளாது அமர்ந்து அவ்வோசையைக் கேட்பது நல்லது.

வழியின் இடர் கூறாத திட்டம் திட்டமாகாது. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் பதினேழு வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்று உயிர் பறித்தது. கோடையிலே நிகழ்ந்தது அது. அருவி விழுமிடத்தில் வானம் தெளிவாயிருக்கலாம். மலைமேல் மழை கொட்டியிருக்கலாம். நீர் கலங்கி வருதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், ஓசை மிகுதல் ஆகிய குறிகளைக் கண்டவுடனே கரையேற வேண்டும். அருவியின் தலைப்பில் முதுகு காட்டி நின்று தன்னைத்தானே படமெடுப்பது வீரமன்று. பெற்றோர்க்குச் செய்யும் கொடுமையாம்.

எல்லாவற்றினும் இன்றியமையாத ஒன்றை இறுதியில் வைத்தோம். நிழற்படம் வலிமை மிக்கது. சென்னை மாகாண அரசினரால் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் டிரைப் என்பார், 1857, 1858ஆம் ஆண்டுகளில் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிச் சென்று, மெழுகு பூசிய தாளில் நம் நாட்டுக் கோயில்களையும் மலைக்கோட்டைகளையும் படமாக்கினார். அவை இன்றும் நமக்கு வரலாற்றுச் செல்வமாக விளங்குகின்றன. அமெரிக்க நாட்டில் கார்ல்டன் வாட்கின்ஸ் என்பார் 1861இல் எடுத்த யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் படங்கள், அவ்விடத்தைப் பொதுமக்கட்கெனக் காக்கும் 1864ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் துணைசெய்தன. ஆயின் அப்படங்களைக் கண்டோர், ‘என்ன தூய்மை! ஆளரவமற்ற இடம்!’ என்று வியந்தனர். ஆளில்லாமல் இருந்ததா அப்பள்ளத்தாக்கு? அங்கே வாழ்ந்த தொல்குடியினரை 1851இல் படை சென்று துரத்தியிருந்தது. படம் பொய் கூறவில்லை. ஆயினும் முழு மெய்யையும் கூறவில்லை.

கல்வராயன் மலையைப் படமெடுக்கச் செல்வோர் இதனை நெஞ்சில் நிறுத்துக. அம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பெயர் கண்டு மயங்க வேண்டா. அவர் தாய்மொழி தமிழே. காஞ்சியிலிருந்து மலையேறியவர் தம் முன்னோர் என்பது அவர் வழிவழியாகக் கூறும் வரலாறு. சாமையும் தினையும் மரவள்ளியும் விளைத்தும், கடுக்காயும் புளியும் தேனும் திரட்டியும் வாழ்பவர். நாடு விடுதலை பெற்ற பின்னரும் நெடுங்காலம் அவர் ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தனர். 1976ஆம் ஆண்டிலேதான் அம்மலை அரசின் நேர் நிருவாகத்தில் வந்தது. 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலையும் மருத்துவமும் கல்வியும் குறைந்த மலை அது என்பதை அந்நாளில்தான் நாட்டார் பலர் அறிந்தனர். அருவியைப் பன்முறை படமாய்க் கண்டவர்க்கும் இது புதுச்செய்தியாயிருந்தது என்பதே நாம் எண்ணி நாணத்தக்கது.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: படத்தில் அழகு இருக்கட்டும்; அதில் வாழ்வோர்க்கும் இடமிருக்கட்டும். ஓர் உழவரையோ மூதாட்டியையோ படமெடுக்குமுன் அவர் இசைவைக் கேளுங்கள். வேண்டா என்றால் கருவியைத் தாழ்த்துங்கள். எடுத்த படத்தை அச்சிட்டு அவர்க்கே அனுப்புங்கள். கரியாலூரிலோ வெள்ளிமலையிலோ உண்பதற்கு நீங்கள் கொடுக்கும் பொருள் மலைமக்கள் கைக்குச் சேரட்டும். காட்டினுள் செல்ல வனத்துறையினரிடம் முன்னரே கேட்டு அனுமதி பெறுங்கள். கொண்டுசென்ற நெகிழிப் பையையும் புட்டியையும் திரும்பக் கொண்டுவாருங்கள். அவ்வோடைகளே திரண்டு கோமுகி ஆறாகிக் கச்சிராயபாளையத்துக்கு அருகே அணையில் தங்கி, கீழே நெல்லையும் கரும்பையும் விளைத்து, மணிமுத்தாற்றோடும் பின்னர் வெள்ளாற்றோடும் கலந்து பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கின்றன. மலைமேல் நாம் எறிந்த ஒரு புட்டி கடல்வரை பயணம் செய்யும் என்பதை மறவற்க.

தோழர்காள்! திட்டத்தைக் கைவிடுங்கள் என்று யாம் கூறவில்லை. ஏழு திங்கள் தள்ளி வையுங்கள் என்றே கூறுகின்றோம். பத்து இடங்களை ஓடி ஓடிப் பார்ப்பதை விடுத்து, இரண்டு இடங்களை அமர்ந்து பாருங்கள். அதுவரையுள்ள நாள்களில் மலைபடுகடாத்தை ஒருமுறை உரையோடு படித்து முடியுங்கள். இலக்கணம் கூறிய பொழுதில் மலையேறுவோர்க்கு அருவியும் கிடைக்கும். அதன் அயலே வாழும் மக்களின் நட்பும் கிடைக்கும். அடுத்த ஆண்டு இவ்விதழில் வெளிவரும் படங்களில் அவ்விரண்டையும் காண விழைகின்றோம்.