குறைத்து உண்பதும் குறைபட உண்பதும்

"இளைத்துப் போய்விட்டாயே!" என்று ஒரு தாய் தன் மகளைப் பார்த்துச் சொன்னால், அச்சொல்லில் கவலை நிறைந்திருந்த காலம் ஒன்றுண்டு. வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வீடு திரும்புகையில் வாசற்படியிலேயே அச்சொல் எதிர்ப்படும். அடுத்த கணமே அடுப்பங்கரையில் ஏதேனும் ஒன்று கொதிக்கத் தொடங்கும். இன்று அதே சொல் பாராட்டாக மாறிவிட்டது. திருமண வீடுகளில் உறவினர் கூடும்போது "இளைத்துவிட்டாயே, எப்படி?" என்று வியந்து கேட்கின்றனர். கேட்கப்பட்டவர் முகம் மலர்கிறது. மொழி பயில்வோர்க்கு இது சொற்பொருள் மாற்றத்திற்கு ஒரு நல்ல சான்று. ஆயின் அம்மாற்றத்திற்கான விலையை யாருடைய உடல் செலுத்துகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு மாணவியின் கணக்கு

என் வகுப்பில் முதலாண்டு மாணவி ஒருத்தி இரண்டே திங்களில் 8 கிலோ எடை குறைந்தாள். பாராட்டியவர்களுள் நானும் ஒருத்தி. ஒருநாள் காலை, பாடம் நடந்துகொண்டிருக்கையில் இருக்கையிலிருந்து சரிந்து விழுந்தாள். மருத்துவமனையில் இரத்தத்தை ஆய்ந்தபோது ஹீமோகுளோபின் 8 கிராம் அளவே இருந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்வதையும், மாதமுறை தவறியதையும் அதன்பின்னரே அவள் தாயிடம் சொன்னாள்.

அவள் ஒருநாள் உண்பது என்னவென்று மருத்துவர் கேட்டார். காலையில் சர்க்கரையில்லாத தேநீர். நண்பகலில் வெள்ளரியும் காரட்டும் ஒரு குவளை மோரும். மாலையில் ஓர் ஆப்பிள். இரவில் இரண்டு இட்டலி. கூட்டிப் பார்த்தால் 500 கலோரியைத் தாண்டாது. அவள் வயதும் உடற்கட்டும் உடைய பெண் நாள் முழுவதும் படுத்தே கிடந்தாலும், இதயம் துடிக்கவும் மூச்சு ஓடவும் உடற்சூடு நிலைக்கவும் ஏறத்தாழ 1,300 கலோரி செலவாகும். "இன்னும் கொஞ்சம் உண்ணக்கூடாதா?" என்று கேட்டதற்கு அவள் சொன்ன விடைதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. "உண்ணத்தான் நினைக்கிறேன் அம்மா, முடியவில்லை. பசியே எடுப்பதில்லை. எடுத்தாலும் பயமாக இருக்கிறது" என்றாள்.

குறைத்து உண்பது வேறு. குறைபட உண்பது வேறு. முன்னது அறிவின் செயல். பின்னது நோயின் தொடக்கம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் மயக்கமே இன்றைய இளைஞர் பலரை வாட்டுகிறது என்பது என் கருத்து.

எடை குறைத்தலே வேண்டா என்று நான் கூறவில்லை. 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவு நோயாளர் 10 கோடிக்கும் மேற்பட்டோர். உடற்பருமன் அந்நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களுள் முதன்மையானது. எனவே மிகை எடை உடையோர் அதனைக் குறைக்க முயல்வது கடமையே. அம்முயற்சி உடலை வளர்க்கிறதா, அழிக்கிறதா என்பதே வினா.

உடலின் சிக்கனம்

இரண்டாம் உலகப்போரின் இறுதிக் காலத்தில், 1944-45ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வை நிகழ்த்தினார். போரில் ஆயுதமேந்த மனச்சான்று இடந்தராத இளைஞர் 36 பேர் தாமாக முன்வந்து அதில் பங்கேற்றனர். 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவே அளிக்கப்பட்டது. அவர்கள் தம் எடையில் கால்பங்கை இழந்தனர். அதனோடு நில்லாமல், ஓய்வுநிலையில் உடல் செலவிடும் ஆற்றலும் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. நாடித்துடிப்பு தளர்ந்தது, கோடையிலும் குளிர்ந்தது, சினமும் சோர்வும் மிகுந்தன. சமையலில் ஆர்வமில்லாதிருந்தவர்களும் சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர். உணவைப் பற்றியன்றி வேறெதிலும் மனம் பற்றவில்லை. இவ்வாய்வு 1950இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது.

அவர்கள் மெலிந்த உடலினர், ஆடவர், வாரந்தோறும் நெடுந்தொலைவு நடந்தவர்கள். ஆதலின் அவ்வளவை அப்படியே எல்லார்க்கும் பொருத்துதல் முறையாகாது. எனினும் ஒன்றை நினைவில் கொள்ளலாம். அறிஞர் ஒருவர் பட்டினியை ஆராய்வதற்கென்று வகுத்த அளவினும் குறைந்த உணவை, இன்று நம் பிள்ளைகள் எவர் மேற்பார்வையும் இன்றி, அழகுக்கென்று உண்கின்றனர்.

உணவு குறையுங்கால் உடல் பஞ்சம் வந்ததென்று கருதிச் சிக்கனம் செய்கிறது. வருவாய் குறைந்த குடும்பத் தலைவி செலவைச் சுருக்குவது போன்றது இது. கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை குறையவே செலவும் குறைகிறது. மீண்டும் இயல்பாக உண்ணத் தொடங்கியதும் இழந்த எடை திரும்புகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைகுறைப்புப் போட்டியொன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறாண்டுகள் கழித்து ஆராய்ந்து 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பெரும்பாலோர்க்கு இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஆனால் அவர்தம் உடல், அவ்வளவு எடையுள்ள பிறரைக் காட்டிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. விரைந்து இளைத்தல் பித்தப்பையில் கல் உண்டாகவும் காரணமாகிறது. 800 கலோரிக்கும் குறைந்த உணவுத்திட்டத்தை மருத்துவர் நேரடிக் கண்காணிப்பின்றி மேற்கொள்ளலாகாது என்பது மருத்துவ உலகம் ஒப்பிய விதி.

பருமனும் பட்டினியும்

பருத்த உடலில் பட்டினி இராது என்று நாம் நம்புகிறோம். இது பெரும் பிழை. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 100க்கு 40 பேர் மிகை எடை உடையோர். அதே பெண்களுள் 100க்கு 53 பேர் இரத்தசோகை உடையோர். இரு கூட்டத்தாரும் வேறு வேறு வீடுகளில் வாழ்பவர் அல்லர். மாவுப்பொருள் மிகுந்து, புரதமும் இரும்புச்சத்தும் குன்றிய உணவே நம் தட்டில் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. அவ்வுணவையும் பாதியாக வெட்டினால் மிகை எடையுடன் இருந்த குறையும் இரட்டிப்பாகும்.

நம் நாட்டு உணவு ஆய்வின் தாயகமாகிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் நம் நீலகிரி மலையின் குன்னூரில் மெக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞரால் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கப்பெற்று, 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. 2020இல் வகுக்கப்பெற்ற அதன் அளவுப்படி, மிகுதியாக உழைக்காத 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரியும், 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 2,110 கலோரியும் வேண்டும். எடை குறைக்க விரும்புவோர் தத்தம் தேவையிலிருந்து 300 முதல் 500 கலோரி வரை குறைத்தால் போதும். மெல்லக் குறையும், குறைந்தது நிலைக்கும்.

ஏன் உண்ண இயலவில்லை?

'உண்ண முடியவில்லை' என்னும் அம்மாணவியின் சொல்லைப் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது. அதற்குக் காரணங்கள் பல. வெள்ளரி, முட்டைக்கோசு, கீரை ஆகியன வயிற்றை நிரப்பும். ஆற்றல் தருவது சிறிதே. அவற்றையே உண்பவர்க்கு வயிறு நிறைந்தும் உடல் பட்டினி கிடக்கும். பல வேளை உணவைத் தவிர்த்தவர்க்குப் பசியுணர்வே மழுங்கிவிடும். எண்ணெய் ஆகாது, சோறு ஆகாது, பழம் ஆகாது என்று ஒவ்வொன்றாக விலக்கியவர்க்கு இறுதியில் உண்பதற்கு ஒன்றும் எஞ்சாது. அதிகாலைப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பிள்ளைக்குக் காலையுணவு கிட்டுவதில்லை. எல்லார்க்கும் பரிமாறிய பின் மிஞ்சியதை உண்ணும் பெண்ணுக்குக் குறைத்து உண்பது 'தியாகம்' என்றே கற்பிக்கப்பட்டுள்ளது. பெண் பார்க்க வருவோரின் கண்ணும் வாயும் செய்யும் கொடுமையைத் தனியே விரிக்க வேண்டியதில்லை.

அண்மையில் இன்னொரு காரணமும் சேர்ந்துள்ளது. பசியை அடக்கி எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகள் 2025ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சந்தைக்கு வந்தன. மருத்துவர் தேர்ந்து தருவாராயின் உரியவர்க்கு அவை பயன்படும். ஆயின் அவற்றை எடுத்துக்கொள்வோர்க்கு வேண்டிய அளவு உண்பதே ஒரு முயற்சியாகிவிடுகிறது. புரதம் போதாமற் போனால் தசையும் சேர்ந்து குறைகிறது.

மார்க்கமும் மரபும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே அளவு கடத்தலும் அளவு குன்றலும் ஒருசேர நோய்க்குக் காரணமாகச் சொல்லப்பெறுகின்றன. பரிமேலழகர் அவ்வளவை உணவுக்கும் செயலுக்கும் உரியதாக விரித்துரைப்பார். மிகுதியைக் கண்டிக்க அவ்வதிகாரத்தை எடுத்தாளும் நாம், குன்றலைக் குறித்த பகுதியை மறந்துவிடுகிறோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வயிற்றை மூன்று பங்காக்கி உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் ஒதுக்கச் சொன்ன செய்தியை நாம் அடிக்கடி மேடைகளில் கேட்கிறோம். உணவுக்கென ஒரு பங்கு உண்டு என்பதும், முதுகை நிமிர்த்தி நிறுத்தும் அளவுக்கேனும் உணவு வேண்டும் என்பதும் அந்நபிமொழியிலேயே அடங்கியுள்ளன. வகுப்பறையில் சரிந்து விழுந்த அப்பெண்ணுக்கு அவ்வளவு உணவும் சென்று சேரவில்லை.

ரமளான் நோன்பை எடை குறைக்க வாய்த்த மாதமாகக் கருதி, சஹர் உணவைத் தவிர்ப்போரும் உளர். சஹர் உணவில் அருள்வளம் உண்டென்று கூறி அதனை உண்ணத் தூண்டியவர் நபிகளார். இடைவிடாது நாட்களைத் தொடர்ந்து நோன்பிருப்பதைத் தம் தோழர்க்குத் தடுத்தவரும் அவரே. நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் சலுகை தந்தது நம் திருமறை. அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, நாள் முழுதும் காய்ந்த வயிற்றுக்கு இதமாக நம் முன்னோர் வகுத்த நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். நோன்பு உடலை வதைப்பதற்கன்று என்பதை அக்கஞ்சிக் கோப்பையே சொல்லும்.

சல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள் தம் சகோதரராக இணைக்கப்பெற்ற அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்ற நிகழ்ச்சி ஈண்டு நினைக்கத்தக்கது. அபூதர்தா விருந்தினர்க்கு உணவு வைத்துவிட்டுத் தாம் நோன்பு என்று விலகினார். அவர் உண்ணாதவரை தாமும் உண்பதில்லை என்று சல்மான் உறுதியாக இருந்துவிட்டார். அபூதர்தா உடன் அமர்ந்து உண்டார். இறைவனுக்குரிய கடமை போலவே தம் உயிருக்கும் குடும்பத்திற்கும் செலுத்தவேண்டிய கடமை உண்டென்று சல்மான் எடுத்துரைத்ததை, நபிகளார் உண்மையென ஏற்றார்கள். வணக்கத்தின் பொருட்டே உடலை வாட்டுதல் ஏற்கப்படவில்லையெனில், கண்ணாடியின் பொருட்டு வாட்டுதல் எங்ஙனம் ஏற்கப்படும்?

செய்யத்தக்கவை

மாணவர்க்குச் சில சொல்வேன். எடை குறைக்க எண்ணினால் முதலில் மருத்துவரிடம் இரத்தத்தை ஆய்ந்து பாருங்கள். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் தாமாக உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். பரோட்டாவையும் வறுவலையும் இனிப்புக் குளிர்பானத்தையும் குறையுங்கள். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவற்றைக் குறைக்காதீர்கள். மிகுதியாக உண்ண இயலாதவர்க்குச் சிறிய அளவில் ஆற்றல் தருவன உள: ஒரு கைப்பிடி வேர்க்கடலை ஏறத்தாழ 170 கலோரி, உடன் இரண்டு மூன்று பேரீத்தம்பழமும் ஒரு குவளை பாலும் போதும். சிறுகச் சிறுக, வேளை தவறாமல் உண்ணுங்கள். நடையோடு தசைக்கும் பயிற்சி கொடுங்கள். உண்ணவே அச்சம் தோன்றினால் அது மனத்தின் நோய், மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கும் மருத்துவம் உண்டு.

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். பருத்தவரை எள்ளுவதையும் இளைத்தவரைப் போற்றுவதையும் ஒருசேர விடுங்கள். இரண்டும் பிள்ளைகளின் தட்டிலிருந்து சோற்றை எடுக்கும் கைகளே. வீட்டுப் பெண்கள் இறுதியில் உண்ணும் வழக்கத்தை மாற்றுங்கள். விடுதிப் பொறுப்பாளர் எவர் உணவுக்கூடத்திற்கு வருவதில்லை என்பதைக் கவனிக்கலாம்; ஆசிரியர் பாராட்டுமுன் நலம் வினவலாம். நான் அதனைச் செய்யத் தவறியவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அம்மாணவி இப்போது நாளும் வகுப்புக்கு வருகிறாள். நண்பகல் மணி அடித்ததும் தோழியர் இருவர் அவளருகே அமர்கின்றனர். அறிவுரை ஏதும் கூறுவதில்லை. கலோரிக் கணக்குப் பார்ப்பதில்லை. அவள் தன் உணவுப் பாத்திரத்தைத் திறக்கும்வரை தாங்களும் திறவாமல் இருக்கின்றனர். அவ்வளவே. சல்மான் (ரலி) அவர்களின் வரலாறு அவர்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ. அவர் செய்ததையே அவர்கள் செய்கின்றனர். நம் ஒவ்வொரு வகுப்பிலும் அத்தகைய தோழமை தழைக்க இறைவன் அருள்வானாக.