ஓட்டத் தெரியும், கட்டத் தெரியுமா?

சென்ற வாரம் சங்ககிரியிலிருந்து நமது உறவினர் ஒருவர் தம் புதல்வனை அழைத்துக்கொண்டு நமது இல்லத்துக்கு விஜயம் செய்தார். பையனுக்கு வயது 22. கனரக வாகனம் ஓட்டும் லைசென்ஸ் பெற்று ஒரு மாதமே ஆகிறது. அடுத்த திங்கட்கிழமை முதல் பக்கச் சுவர் இல்லாத மேடை லாரி ஒன்றில் டிரைவராக அமரப் போகிறான். தொழிலில் உள்ளவர்கள் இதை ட்ரெய்லர் என்கிறார்கள். பெல்லாரிப் பக்கத்தில் இரும்புச் சுருள்களை ஏற்றிக் கோயம்புத்தூரில் இறக்க வேண்டியது வேலை. "புறப்படுமுன் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்" என்றார் தகப்பனார்.

நமக்குப் பேனா ஓட்டத் தெரியுமேயன்றி லாரி ஓட்டத் தெரியாது. ஆகவே நமது தெருக்கோடியில் வசிக்கும் பெரியவர் ஒருவரிடம் பையனை அழைத்துச் சென்றோம். முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்தவர் அவர். லைசென்ஸை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பையனை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஓட்டத் தெரியுமுன்னு இதுல போட்டிருக்குது. சரி. கட்டத் தெரியுமா தம்பி?"

பையன் விழித்தான். தகப்பனாரும் விழித்தார். உண்மையைச் சொன்னால், நாமும் விழித்தோம்.

சட்டம் கேட்கும் யோக்கியதைகள் இவை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு வாகனம் ஓட்டுகிறவனுக்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குப் பழகுநர் லைசென்ஸ் கேட்குமுன் இலகு ரக வாகன லைசென்ஸ் ஒரு வருஷமாவது கையில் இருந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்றிருந்த விதி 2019-ம் வருஷத்தில் நீக்கப்பட்டது. பரீட்சையில் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த வண்டி காலி வண்டி. ஆனால் காலி வண்டிக்குக் கூலி கொடுப்பார் எவருமில்லை.

பாரத்தைப் பற்றிய பாடத்தை முற்காலத்தில் யார் கற்பித்தார்கள்? கிளீனர் உத்தியோகம் கற்பித்தது. பதினெட்டு வயதுப் பையன் வண்டியில் ஏறுவான். கண்ணாடி துடைப்பான், டயர் மாற்றுவான், தார்ப்பாய் விரிப்பான், கயிறு இழுப்பான். நாலைந்து வருஷம் கழித்து அவன் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது, எந்தச் சரக்கு எப்படி அசையும் என்பது அவன் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கும். அந்தக் குருகுலத்தில் குற்றங் குறைகள் இல்லாமலில்லை. வசவும் அடியும் ஏராளம். அரை வயிற்றுச் சோறும் உண்டு. லைசென்ஸ் இல்லாத கை நள்ளிரவில் வண்டி ஓட்டிய கதைகளும் உண்டு. அது போனதற்காக நாம் கண்ணீர் விடவில்லை. அதன் இடத்தில் வேறொன்று வரவில்லையே என்பதுதான் நமது கவலை. இப்பொழுது பல வண்டிகளில் கிளீனர் கிடையாது. தேசிய பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்றிருந்த நிபந்தனையும் 2018-ம் வருஷத்தில் எடுக்கப்பட்டது. தனியாகப் புறப்படும் புதியவன் யாரிடம் கற்பான்?

பெரியவர் திண்ணையில் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் ஒரு செம்பைப் படுக்கவைத்தார். பலகையைச் சரேலென்று தள்ளிச் சட்டென்று நிறுத்தினார். பலகை நின்றது. செம்பு நிற்கவில்லை, உருண்டு சுவரில் மோதியது. "அந்தச் செவுருதான் நீ உக்காந்திருக்கிற எடம்" என்றார்.

இரும்புச் சுருள் ஒன்றே 20 டன் இருப்பதுண்டு. பெட்டி போன்ற லாரியில் சரக்கைத் தடுக்கச் சுவராவது இருக்கும். மேடை லாரியில் சங்கிலியும் ஆப்பும் அல்லாமல் வேறு துணை இல்லை. அமெரிக்க தேசத்து விதிகளின்படி, கட்டு என்பது முன்புறம் பாயும் சரக்கை அதன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசைக்கு எதிராக நிறுத்திப் பிடிக்க வேண்டும். 20 டன் சுருளுக்கு அது 16 டன் இழுப்பு! இரும்பின்மேல் இரும்பு வழுக்கும். ஆகையால் அடியில் மரக்கட்டையோ ரப்பர் விரிப்போ வேண்டும். உருளாதபடி இருபுறமும் ஆப்பு வேண்டும். கூரிய விளிம்பு பெல்ட்டை அறுக்காதபடி மூலைக்கு அணை கொடுக்க வேண்டும்.

கட்டிவிட்டால் தீர்ந்ததா? இல்லை. ஓடத் தொடங்கியதும் சரக்கு அதிர்ந்து தன் இடத்தில் அமரும், கட்டு தளரும். அதனால்தான் முதல் 50 மைலுக்குள் ஒரு முறையும், பிறகு 150 மைலுக்கோ 3 மணி நேரத்துக்கோ ஒரு முறையும் கட்டைப் பரிசோதிக்க வேண்டுமென்று அந்த நாட்டில் விதித்திருக்கிறார்கள். இதைப் பெரியவரிடம் சொன்னோம். சிரித்தார். "நாங்க மொதல் டீக்கடையில எறங்கிச் சங்கிலிய இழுத்துப் பார்ப்போமுங்க. அதுக்கப்புறந்தான் டீ" என்றார்.

பிறகு தொப்பூர்க் கணவாயைப் பற்றிப் பேச்சு வந்தது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வருகிறவர்கள் அந்த இறக்கத்தை அறிவார்கள். டீசல் மிச்சமாகுமென்று சிலர் நியூட்ரலில் வண்டியை உருளவிடுகிறார்கள். அப்பொழுது முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. பிரேக் சூடேறிச் சூடேறி, வேண்டிய சமயத்தில் பிடிக்காமல் போகிறது. முன்னால் செல்லும் காரில் இருக்கும் குடும்பத்துக்கு அந்த மிச்சமான டீசலின் விலை என்னவென்று கேட்க வேண்டும். "எந்தக் கியர்ல ஏறுவியோ, அதே கியர்ல எறங்கு தம்பி" என்பது பெரியவரின் உபதேசம். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் அவசரத்துக்கு மிஞ்சியிருக்கும்.

கடைசியாக அவர் சொன்னது இது: "மூணு மாசம் பழைய ஆளுகூட ரெண்டாவது ஆளாப் போ. எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்காரு. சொல்லிவிடறேன்."

வீடு திரும்பும் வழியில் தகப்பனாரின் முகம் வாடியிருந்தது. பையனின் படிப்புக்கும் மகளின் கலியாணத்துக்கும் வாங்கிய கடன் இருக்கிறது. இரண்டாவது ஆளுக்குப் பாதிப் பேட்டாதான். "மூன்று மாதம் பாதி வருமானம் என்றால் வட்டியை எப்படிக் கட்டுவது?" என்று அவர் கேட்டபோது நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. வட்டிக்காரன் டீக்கடையில் நின்று சங்கிலியை இழுத்துப் பார்ப்பதில்லை.

பையன்தான் பதில் சொன்னான். "அப்பா, இன்னிக்குக் காலையில எனக்குப் பயமே இல்லை. தெரியாததனால இல்லை. இப்பத் தெரிஞ்சு போச்சு. இனித் தனியா ஏற மாட்டேன்."

லாரி முதலாளிமார்களுக்கு ஒரு விண்ணப்பம். 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகியிருக்கிறது. நல்லது, சந்தோஷம். அந்தக் குளிர்ந்த அறையில் புதியவனுக்குப் பக்கத்தில் மூன்று மாதம் ஓர் அநுபவசாலியை உட்கார வையுங்கள். புதியவனுக்கு முழுப் பேட்டா கொடுங்கள். ஒரு சுருள் சாலையில் உருண்டால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் இது தருமமல்ல, கணக்கு.

பையன் திங்கட்கிழமை புறப்பட்டுவிட்டான், இரண்டாவது ஆளாக. அன்று மாலை தாயாருக்குப் போன் செய்தானாம். சாப்பிட்டாயா என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, "சங்கிலியைப் பார்த்துவிட்டேன் அம்மா, இனித்தான் டீ" என்றானாம்.